கங்கோத்ரி ஐந்து நாள் திட்டம்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் உத்தராகண்டில் உள்ள கங்கோத்ரி பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தோம். படங்கள் நன்றாக இருந்தன. கட்டுரையோடு கட்டம் கட்டிப் போட்டிருந்த ஐந்து நாள் திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். முதல் நாள் டேராடூனில் இறங்கி உத்தரகாசி; இரண்டாம் நாள் கங்நானியில் வெந்நீர்க் குளியல், மாலைக்குள் கங்கோத்ரி; மூன்றாம் நாள் நடந்து போஜ்பாசா; நான்காம் நாள் கங்கை புறப்படும் பனியாற்று முனையான கோமுக், அதற்கு மேலே தபோவன்; ஐந்தாம் நாள் ஊர் திரும்பல். விடுமுறைக் கணக்குக்கு இது பொருந்துகிறது. உடம்பின் கணக்குக்குப் பொருந்தவில்லை. வாசகர்கள் இதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் சில திருத்தங்கள் வெளிவர வேண்டும்.

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். கங்கோத்ரி கோயில் வாசலே ஏறத்தாழ 3,100 மீட்டரில் இருக்கிறது. அதாவது, ஜீப்பை விட்டு இறங்கும் இடமே நம் பக்கத்து மலைகள் எல்லாவற்றையும் தாண்டிய உயரம். போஜ்பாசா சுமார் 3,800 மீட்டர், கோமுக் 4,000 மீட்டரை ஒட்டி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். கங்கோத்ரியில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 சதவீதம், கோமுக்கில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைகிறது.

வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்குகிறேன், எனக்கென்ன என்று கேட்பவர்கள் கோவைப் பக்கம் நிறைய. அது காட்டுவது கால் பலத்தை. 3,000 மீட்டருக்கு மேல் தேவைப்படுவது மூச்சும் ரத்தமும் அந்தக் காற்றுக்குப் பழகியிருப்பது. ஜிம்முக்குப் போய் அதைச் சம்பாதிக்க முடியாது. உயரத்தில் தூங்கிக் கழித்த இரவுகள்தான் கணக்கு. கால் பலம் உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால், குழுவில் முதலில் படுத்துவிடுபவரும் பல நேரம் அவர்தான்.

மலை மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே போய்விட்டு வரலாம், தவறில்லை, நல்லதும்கூட. கட்டுரையின் திட்டப்படி உத்தரகாசியில் 1,150 மீட்டரில் தூங்குபவர் மறுநாள் 3,100-லும் அதற்கு அடுத்த நாள் 3,800-லும் தூங்குகிறார். கடைசி நாள் போஜ்பாசாவிலிருந்து 14 கிலோமீட்டர் நடந்து, பிறகு சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலையில் டேராடூன் வந்து விமானம் பிடிப்பது எப்படி என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

இதே பயணத்துக்கு ஒன்பது நாள் வேண்டும். முதல் இரவு உத்தரகாசி. அடுத்த இரண்டு இரவு ஹர்சில், ஏறத்தாழ 2,600 மீட்டர். நடுவில் உள்ள பகலில் பகோரி கிராமத்துக்கோ, குளிர்காலத்தில் கங்கையின் உற்சவ மூர்த்தி தங்கும் முக்பாவுக்கோ நடந்துவிட்டு வரலாம். நான்காம், ஐந்தாம் இரவு கங்கோத்ரி. ஐந்தாம் நாள் சும்மா அறையில் கிடக்காமல் கோமுக் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்க வேண்டும். ஆறாம் நாள் போஜ்பாசா. இங்கே மட்டும் 700 மீட்டர் ஏறுகிறோம், விதியை மீறுகிறோம், அதற்காகத்தான் கங்கோத்ரியில் இரண்டு இரவு. ஏழாம் நாள் விடியலில் கோமுக் பார்த்துவிட்டு கங்கோத்ரிக்கே இறங்கிவிடலாம். 22 கிலோமீட்டர் வரும், பெரும்பாலும் இறக்கம். முடியாதவர்கள் போஜ்பாசாவில் இன்னோர் இரவு தங்கலாம். அனுமதிச் சீட்டு எத்தனை இரவுக்கு என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் கங்நானி, உத்தரகாசி. ஒன்பதாம் நாள் டேராடூன்.

கங்நானி எட்டாம் நாளுக்குப் போனதைக் கவனித்திருப்பீர்கள். வெந்நீர் ஊற்று திரும்பி வரும் வழிக்கு உரியது. ஏறும்போது குளித்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. 40 டிகிரிக்கு மேல் உள்ள நீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன; ரத்த அழுத்தம் இறங்குகிறது. தண்ணீருக்குள் இருப்பதால் வியர்ப்பது தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். அப்படி உலர்ந்த உடம்போடு அன்று மாலையே 3,100 மீட்டருக்குப் போனால், அங்கே வரும் தலைவலி தண்ணீர்க் குறைவாலா உயரத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, கால். வெந்நீரில் ஊறிய பாதத்தின் தோல் வெளுத்து மென்மையாகிவிடும். அந்தக் காலைப் பூட்ஸுக்குள் விட்டு நடந்தால் இரண்டு மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம். நடந்து முடித்த காலுக்கு அதே வெந்நீர் சுகம். ஆனால் கொப்புளம் உடைந்திருந்தால் பொதுக் குளத்தில் இறங்காதீர்கள், வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

குளிக்கும் முறையும் உண்டு. முழங்கையை முதலில் விட்டுப் பாருங்கள். பொறுக்க முடியாவிட்டால் உடம்பும் பொறுக்காது. ஊற்று விழும் வாய்ப்பக்கம் சூடு அதிகம், வடியும் பக்கம் குறைவு. வடியும் பக்கமே உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். எழும்போது உடனே நிற்காமல் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். வெந்நீர்க் குளங்களில் மயங்கி விழுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும்போது நடப்பதில்லை, எழுந்த அடுத்த சில விநாடிகளில்தான், அதுவும் ஈரக் கல்லின் மேல். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். குடித்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். தலையை முக்கி மூக்கில் தண்ணீர் ஏற்றுவதையும் தவிருங்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது, அரிதானாலும் வந்தால் பிழைப்பது கடினம். சில ஊற்றுகளில் கந்தகம் இருப்பதால் வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கறுத்துப்போகும், கழற்றி வையுங்கள். குளித்து முடித்ததும் தலையைத் துவட்டிக் குல்லாய் போட்டுக்கொள்ளாமல் வண்டியில் ஜன்னலைத் திறந்து உட்காருவது அடுத்த தவறு.

இந்த ஊற்றுகள் எரிமலையால் வந்தவை என்று கட்டுரை சொல்கிறது. இமயத்தின் இந்தப் பகுதியில் எரிமலையே கிடையாது. மழையும் பனி உருகிய நீரும் பாறைப் பிளவுகள் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு, பெரும் நிலப் பிளவுகள் வழியாக மேலே ஏறி வருகின்றன. கங்நானி, யமுனோத்ரி, பத்ரிநாத் சாலையோர ஊற்றுகள் பலவும் மைய இமயப் பிளவு என்று நிலவியலார் சொல்லும் பட்டையை ஒட்டியே அமைந்திருப்பது அதனால்தான். 1991 அக்டோபரில் உத்தரகாசியையும் 1999 மார்ச்சில் சமோலியையும் குலுக்கிய நிலநடுக்கங்களும் இதே நிலப்பகுதியில் வந்தவைதான்.

தபோவனைப் பற்றியும் ஒரு குழப்பம். தபோவன் என்ற பெயரில் ரிஷிகேஷ் பக்கத்தில் ஓர் இடம், ஜோஷிமட்டுக்கு அருகே தௌலி கங்கைக் கரையில் ஓர் இடம், கோமுக்குக்கு மேலே ஓர் இடம். வெந்நீர் ஊற்று இருப்பது ஜோஷிமட் பக்கத்துத் தபோவனில். கோமுக்குக்கு மேலே இருப்பது சிவலிங் சிகரத்தின் அடிவாரப் புல்வெளி. இரவில் தண்ணீர்ப் பாட்டில் உறையும் இடம். அங்கே குளிக்கலாம் என்று துண்டோடு ஏறினால் ஏமாற்றம்தான். கேதார்நாத் வழியில் உள்ள கௌரிகுண்டின் பழைய வெந்நீர்க் குளத்தையும் கட்டுரை பரிந்துரைத்திருக்கிறது. அது 2013 ஜூன் வெள்ளத்தில் போய்விட்டது.

மலை நோயைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாதவரை அதை மலை நோய் என்றே கொள்ள வேண்டும். நம்மவர்கள் இதற்குச் சொல்லும் பெயர்கள் வேறு: பித்தம் கூடிவிட்டது, சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை, ஜீப் வளைவுகளில் குமட்டிவிட்டது. பெயர் எதுவானாலும் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. அதே இடத்தில் தங்கி, தண்ணீர் குடித்து, பாராசிட்டமால் போட்டு, மறுநாள் சரியானால் ஏறலாம். சரியாகாவிட்டால் இறங்க வேண்டும்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துவருகிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் மருந்து இறக்கம்தான், இரவானாலும் சரி. 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலும் மாற்றம் தெரியும். வழியில் விற்கும் கற்பூரப் பொட்டலத்தை மோந்து பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அதை நம்பி ஏறுவது இன்னும் மோசம்.

அசெட்டசோலமைடு மாத்திரை, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பது, பழகுவதை விரைவுபடுத்தும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, மாலை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் போடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் இரவில் மூச்சை மந்தப்படுத்துபவை, அவை வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குறிப்பு: இன்சுலின் உறைந்தால் வீண், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும் அல்லது வேலையே செய்யாது.

நடைக்கு வருவோம். கங்கோத்ரியிலிருந்து சிர்பாசா 9 கிலோமீட்டர், போஜ்பாசா 14, கோமுக் 18. கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் போவதால் வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான். மே, ஜூனில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும், எனவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் பாருங்கள். கங்கோத்ரி, யமுனோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் சேர்ந்த சார் தாம் யாத்திரைப் பதிவு தனி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை. மே, ஜூன் அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை போகலாம். ஜூலை, ஆகஸ்டில் சாலை எங்கே எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர் கட் ஓடையில் வந்த சேற்று வெள்ளம் ஹர்சிலுக்குப் பக்கத்துத் தராலியைப் புதைத்ததை நாடே பார்த்தது. கிளை ஓடை பெரிய ஆற்றோடு சேரும் இடத்தில் விசிறிபோல விரிந்து கிடக்கும் சமதளம் கட்டடம் கட்ட வசதியாகத் தெரியும். அந்தச் சமதளமே ஓடை முன்பு கொண்டுவந்து கொட்டிய சேறும் கல்லும்தான். அறை எடுக்கும்போது பின்பக்கம் ஓடை இருக்கிறதா என்று பாருங்கள், ஆற்றங்கரை அழகு என்று மயங்காதீர்கள்.

சிர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் நடுவே கல் உருளும் சரிவு ஒன்று வரும். அதைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். இரவில் உறைந்த ஈரம் கற்களைப் பிடித்துவைத்திருக்கும். வெயில் ஏறி அது உருகியதும், மதியக் காற்றும் சேர்ந்து, கற்கள் விடுபடுகின்றன. ஓடைகளும் அப்படியே: காலையில் கணுக்கால் அளவு இருந்தது, பனி உருகிய நீர் சேர்ந்து பிற்பகலில் முழங்காலுக்கு வரும். ஆறு மணிக்குக் கிளம்புவது இந்த இரண்டுக்காகவும்தான். சரிவில் புகைப்படத்துக்கு நிற்காதீர்கள், ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு, மேலே பார்த்தபடி கடந்து செல்லுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். கோமுக்கில் பனி வாய்க்கு அருகே போய்த் தீர்த்தம் எடுக்க ஆசை வரும்; அந்தப் பனிச் சுவரிலிருந்து லாரி அளவு கட்டிகள் முன்னறிவிப்பு இல்லாமல் விழும். எச்சரிக்கைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஓடும் தண்ணீரும் அதே கங்கைதான்.

அங்கிருந்து தபோவன் ஏறுவது கோமுக் நடையின் தொடர்ச்சி போலக் கட்டுரையில் வந்திருக்கிறது. அது வேறு ரகம்: பனியாற்றின் மேல் குவிந்த தளர்ந்த கற்கள், அவற்றுக்கு அடியில் பனி, கடைசியில் செங்குத்தான ஏற்றம். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். வழிகாட்டி இல்லாமல் கூடாது, கூடுதலாக இரண்டு நாளும் வேண்டும்.

உடை விஷயத்தில் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் முதல் எதிரி. நனைந்த பருத்தி உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே செயற்கை இழை பனியன், நடுவே ஃபிளீஸ் அல்லது கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நடக்கும்போது குறைத்து, நின்றதும் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜூன் தொடக்கத்தில் இதே உத்தரகாசிப் பக்கத்துச் சஹஸ்த்ர தால் பாதையில் பனிப்புயலில் மாட்டி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் 9 பேர் இறந்தார்கள். கோடைப் பருவம் என்பதால் உயரத்தில் குளிர் வராது என்று நினைக்க வேண்டாம். பூட்ஸைப் புதிதாக வாங்கிக்கொண்டு நேரே போகாதீர்கள்; ஊரிலேயே அறுபது, எழுபது கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு, எட்டு கிலோ சுமையோடு மாடிப்படி ஏறி இறங்குவது வாரம் நான்கு நாள், எட்டு வாரம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. போஜ்பாசாவில் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது. யமுனோத்ரி சூரிய குண்டத்தில் துணியில் முடிந்து அரிசியும் உருளைக்கிழங்கும் வேகவைக்கிறார்களே, அந்த ஊற்று நீரும் அந்த உயரத்துக் கொதிநிலையை ஒட்டியதுதான். அங்கே கையை விட்டுப் பார்க்காதீர்கள்.

சிகரம் ஏறுவது பற்றிய கடைசிப் பத்திதான் எங்களை மிகவும் உறுத்தியது. ‘விருப்பமுள்ளவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு அருகில் உள்ள சிகரங்களில் ஏறலாம்’ என்கிறது. சிவலிங் 6,543 மீட்டர். 1974-இல் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையினர் முதலில் ஏறியது. பாகீரதி இரண்டாம் சிகரம் 6,512 மீட்டர். விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் ஏற முடியாது. டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையிடம் அனுமதி, வனத்துறையிடம் தனி அனுமதி, பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். முறையான வழி உத்தரகாசியிலேயே இருக்கிறது: 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம். எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் படித்த இடம். அடிப்படை வகுப்பு 28 நாள். முடிச்சுகளும் பாறை ஏற்றமும் முதலில். பிறகு பனியாற்றில் முள்காலணி மாட்டி நடப்பது, வழுக்கினால் பனிக்கோடரியைக் குத்தித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது, கயிற்றில் கோத்துப் பனிப்பிளவுகளைக் கடப்பது. அதில் ‘ஏ’ கிரேடு வாங்கியவருக்குத்தான் மேல்நிலை வகுப்பு. அதற்குப் பிறகே சிகரக் குழுவில் சேர்வதைப் பற்றி யோசிக்கலாம்.

பயிற்சி இருந்தாலும் பனிச்சரிவு விடாது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா இரண்டாம் சிகரத்தில் பயிற்சிக் குழுவையே பனிச்சரிவு மூடியது. 29 பேர் இறந்தார்கள். புதுப்பனி விழுந்த பிறகு 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகள்தான் மிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தானதில் பனி தங்காமல் அவ்வப்போதே உதிர்ந்துவிடும். புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை உண்டு. எனவே தேடும் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், குழுவுக்கு ஒன்று போதாது.

பத்ரிநாத் போகும் நம் வாசகர்களுக்காக ஒன்று சேர்த்துக்கொள்கிறோம், ஏனெனில் தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் போவது திருமங்கையாழ்வார் பாடிய அந்த வதரிக்குத்தான். அங்கே தப்த குண்டத்தில் குளித்துவிட்டுத்தான் தரிசனம் என்பது வழக்கம், திரும்பும் வழிக்குத் தள்ளிப்போட முடியாது. நீர் 45 டிகிரியை ஒட்டி இருக்கும். ஊரோ 3,100 மீட்டர். எனவே முந்தைய இரவை 1,900 மீட்டரை ஒட்டியுள்ள ஜோஷிமட்டில் கழித்துவிட்டு வாருங்கள். குளத்தில் மூன்று முழுக்கு, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பெரியவர்கள் முழுகவே வேண்டாம், சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். வரிசையில் நிற்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரும் ஏதாவது ஒரு பழமும் உள்ளே போகட்டும். இரவு மருந்து, குல்லாய், உலர்ந்த துண்டு மூன்றையும் வண்டியில் விடாமல் கைப்பையில் வைத்திருங்கள்; வண்டி நிற்கும் இடம் கோயிலிலிருந்து தள்ளி.

திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மலைநடை வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்